நவம்பர் தில்லியில் பிராணாயாமம்: நிறுத்துவதா, முறையை மாற்றுவதா?

மயூர்விஹார்க்காரன் | நவம்பர் 8, காலை 7:40

வணக்கம். சின்னக் கேள்வி என்றுதான் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 53. மத்திய அரசு வேலை. மயூர் விஹார் பேஸ் 1-ல் மூன்றாம் மாடி டிடிஏ பிளாட். ஜூலையில் டாக்டர், பிபி எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரைக்குப் போகுமுன் நடை, உப்பு, தூக்கம் மூன்றையும் சரிபண்ணிப் பாருங்கள் என்றார். எங்கள் பிளாக்குக்கு எதிர்ப் பூங்காவில் காலை ஐந்தரைக்கு ஒரு குழு உட்காரும். பஸ்திரிகா (துருத்தி மாதிரி வேகமாக மூச்சை இழுத்து விடுவது), கபாலபாதி (வயிற்றைச் சுருக்கி மூச்சை வெளியே அடிப்பது), அனுலோம விலோமம் (மூக்குத் துளைகளில் மாற்றி மாற்றி மூச்சு விடுவது), கடைசியில் மூன்று ஓம். நானும் சேர்ந்தேன். அக்டோபர் பாதிவரை நன்றாகவே போனது. தூக்கமும் வந்தது.

தீபாவளிக்குப் பிறகு கதை மாறிவிட்டது. இன்று காலை ஆனந்த் விஹார் மீட்டரில் காற்றுத் தரக் குறியீடு 412. எதிர் பிளாக் மாடிப்படி விளக்கு வெறும் மஞ்சள் கறையாகத் தெரிகிறது. அந்தப் புகைக்குள் குரங்குக் குல்லாயும் சால்வையுமாகப் பதினைந்து பேர் புஸ் புஸ் என்று இழுத்து விடுகிறோம். பிராணாயாமம் செய்கிறவன் நுரையீரல் புகையைத் தானே வெளியே தள்ளிவிடும் என்கிறார் குழுத் தலைவர். எனக்குப் பத்து மணிக்கெல்லாம் தொண்டை கரகரக்கிறது, மாலையில் கண் எரிகிறது. விடுவதா தொடர்வதா?

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு 81. என்னோடுதான் இருக்கிறாள். வாழ்நாளில் பிராணாயாமம் என்று உட்கார்ந்ததில்லை. நேற்று சமையலறையில் மோடாவில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே திருப்புகழ் முனகிக்கொண்டிருந்தாள். ஏதோ தோன்றி செல்போனில் நேரம் பார்த்தேன். நடுவே மூச்சு எடுக்காமல் 19 விநாடி. அப்புறம் பால்கனிக்குப் போய் நான் வாயை மூடி 'ம்ம்' என்று இழுத்துப் பார்த்தேன். 8 விநாடியில் முடிந்துவிட்டது. நாலு மாதம் பயிற்சி செய்தவன் நான்! இது எப்படி?


பிசியோ பையன் | நவம்பர் 8, காலை 9:15

சார், முதலில் பூங்காவை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கிற ஆள். கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 15 மூச்சு, ஒவ்வொன்றிலும் சுமார் அரை லிட்டர். ஆக ஆறேழு லிட்டர் காற்று உள்ளே போகிறது. பஸ்திரிகாவில் அது பல மடங்கு. காற்றில் என்ன இருக்கிறதோ அதுவும் அத்தனை மடங்கு. மூக்கு பெரிய தூசியைத்தான் பிடிக்கும். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்ததுமான துகள், அது காற்றுப்பை வரை இறங்கிவிடும். அங்கே போய் ஒட்டியதை ஊதி வெளியே தள்ளுகிற வித்தை எந்த நுரையீரலுக்கும் தெரியாது. நம் நாட்டு வரம்பே 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. குறியீடு 400-ஐத் தாண்டினால் 'கடுமை' என்று அரசே பெயர் வைத்திருக்கிறது.

நேரமும் சரியில்லை. குளிர்கால இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். லாரிப் புகை, குப்பை எரிக்கிற புகை, பராளிப் புகை (அறுவடை முடிந்த வயலில் தாள் எரிப்பது) எல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான் சுற்றும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி விலகும். விடிகாலை ஐந்தரை என்பது பெரும்பாலும் நாளின் மோசமான பொழுதுகளில் ஒன்று. பகல் இரண்டு, மூன்று மணி எவ்வளவோ தேவலை.

அம்மா விஷயத்துக்கு இரவு வருகிறேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.


பத்மாசனம் | நவம்பர் 8, காலை 10:02

பிரம்ம முகூர்த்தத்தில் செய்யாத பிராணாயாமம் ஒரு பிராணாயாமமா? நாற்பது வருடமாகத் திறந்த வெளியில் செய்கிறேன், ஒரு தும்மல்கூட வந்ததில்லை. மீட்டரைப் பார்த்துப் பயந்தால் பிராணன் குறுகிவிடும். ஏசி அறைக்குள் உட்கார்ந்து செய்வதற்குப் பெயர் யோகம் இல்லை.


பழைய வாத்தியார் | நவம்பர் 8, காலை 11:30

பத்மாசனம் அவர்களே, நாற்பது வருடத்துக்கு என் வணக்கம். ஆனால் சாஸ்திரத்தை இழுத்துவிட்டீர்கள், இனி என் வாயை மூட முடியாது.

சுவாத்மாராமர் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதிய ஹடயோக பிரதீபிகையின் முதல் உபதேசத்தை, அதாவது முதல் அத்தியாயத்தை, பாருங்கள். யோகி பயிற்சி செய்ய வேண்டிய இடம் எது? சின்ன வாசல் கொண்ட, ஓட்டையும் பொந்தும் இல்லாத ஒரு சிறிய அறை. திறந்த மைதானம் அல்ல. இரண்டாம் உபதேசத்தில் நேரம் வருகிறது. விடியல், நண்பகல், மாலை, நள்ளிரவு என்று நான்கு வேளை. நண்பகலை அவரே அனுமதித்துவிட்டார். தில்லிக்காரருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

அதே உபதேசத்தில் இன்னொன்றும் உண்டு. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும், இல்லாவிட்டால் அது செய்பவனையே கொன்றுவிடும் என்கிறார். கபாலபாதியை அவர் பிராணாயாமத்தில் சேர்க்கவே இல்லை. அது தௌதி, நேதி வகையறாவோடு ஆறு சுத்திக் கிரியைகளில் ஒன்று. பூங்காக்களில் அதுதான் இப்போது கதாநாயகன்.

(முப்பது வருடம் தில்லித் தமிழ்ப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். நீட்டி முழக்குவது தொழில் நோய்.)


ஜனக்புரி ஜன்னல் | நவம்பர் 8, பிற்பகல் 1:20

கபாலபாதி என்றதும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் முன்னால் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு. பெயர் வேண்டாம். எனக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு என்று முதல் நாளே சொன்னேன். அதெல்லாம் பத்து நாளில் ஓடிவிடும், இன்ஹேலரைத் தூக்கிப் போடுங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் நூறு தடவை அடிக்கச் சொன்னார்கள். அறுபது, எழுபது வந்திருக்கும். விரல் நுனியெல்லாம் சுள்ளென்று ஊசி குத்துகிற மாதிரி, உதடு மரத்துப்போய், கண் முன்னால் பூச்சி பறந்தது. "பிராணன் ஏறுகிறது, நிறுத்தாதீங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்படியே பாயில் சாய்ந்துவிட்டேன். இன்ஹேலர் கைப்பையிலேயே இருந்தது, தூக்கிப் போடாதது என் புண்ணியம்.

அதற்கப்புறம் பிராணாயாமம் என்றாலே வயிறு பிசையும். வண்டு மாதிரி ஊதுகிற அந்தப் பிராமரி மட்டும் செய்கிறேன். அதில் ஒரு பயமும் இல்லை.


சந்தேகி | நவம்பர் 8, பிற்பகல் 2:05

ஜன்னல் அக்கா, உங்களுக்கு ஏறியது பிராணன் இல்லை. இறங்கியது கார்பன் டை ஆக்சைடு.

இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆரோக்கியமான ஆளின் ரத்தத்தில் ஆக்சிஜன் சும்மா இருக்கும்போதே 97, 98 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது. எத்தனை முறை புஸ் அடித்தாலும் இன்னும் ஏற்ற இடமே இல்லை. வேகமாக ஊதினால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறும், ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும், மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கும். விரல் சுள்ளென்பது, தலை கிறுகிறுப்பது, ஏதோ பரவசம் மாதிரித் தோன்றுவது எல்லாம் அதனால்தான்.

யோகத்தைக் கிண்டல் செய்யவில்லை. மூச்சை மெதுவாக்கும்போது நடப்பது வேறு கதை, அதற்கு ஆதாரம் இருக்கிறது. 2001-ல் பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 23 பேரை வைத்துப் பார்த்தது. ஜபமாலை வைத்து லத்தீனில் சொல்லும் மரியாள் ஜெபத்தையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாக நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீர்படுத்துகிற அனிச்சைச் செயலும் கூர்மையானது. யாரும் அவர்களிடம் மூச்சை எண்ணச் சொல்லவில்லை. சொற்றொடரின் நீளமே எண்ணிக்கொடுத்துவிட்டது.

மயூர்விஹார் சார், உங்கள் அம்மா ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.


செக்டார் 7 அக்கா | நவம்பர் 8, மாலை 4:45

சந்தேகி தம்பி, நீ ஒரு விஷயத்துக்கு ஆமாம் போட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!

நான் ஆர்.கே.புரம். இருபது வருடமாகத் திருப்புகழ் பாடுகிற கோஷ்டியில் இருக்கிறேன். எங்கள் வகுப்பில் யாரும் மூச்சுப் பயிற்சி என்று தனியாகச் சொல்லித்தந்ததில்லை. ஆனால் 'முத்தைத்தரு' பாடிப் பாருங்கள். தத்தத்தன தத்தத் தனதன, தத்தத்தன தத்தத் தனதன என்று சந்தம் அடுக்கிக்கொண்டே போய் 'தனதான' என்று தொங்கலில்தான் இறங்கும். அந்தத் தொங்கல்தான் மூச்சுக்கு வாசல். நடுவில் திருடி மூச்சு எடுத்தால் தாளம் காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதம் பாதி அடியிலேயே முழித்துக்கொண்டு நிற்பார்கள். ஆறு மாதத்தில் அவர்களுக்கே தெரியாமல் அடி முழுவதும் வந்துவிடும். வயிற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைச் செலவு பண்ணத் தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே கரைக்காமல் இருக்கிற சமர்த்து.

எங்கள் ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோவிலில் இருப்பது உத்தர சுவாமிமலை சுவாமிநாதன். அப்பனுக்கே பிரணவம் சொன்ன பிள்ளை. ஓம் பற்றிப் பேச தில்லியில் அதைவிடப் பொருத்தமான வாசல் ஏது? படியேறிப் போய் உட்கார்ந்தால் கீழே அவுட்டர் ரிங் ரோடு ஹாரன் சத்தம் கேட்கும், அதற்கு மேலே கோவில் மணி கேட்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகிவிட்டால் வீட்டில் மிக்சி சத்தம் ஒரு பொருட்டே இல்லை.


பிசியோ பையன் | நவம்பர் 8, இரவு 10:30

வந்துவிட்டேன். சந்தேகி அண்ணன் பாதி சொல்லிவிட்டார், மீதி என்னுடையது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். கையில் நாடி பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மெதுவாக்குவது வேகஸ் நரம்பின் வேலை. ஆக வெளிமூச்சு எவ்வளவு நீளுகிறதோ அவ்வளவு நேரம் பிரேக்கில் கால் இருக்கிறது. ஆனால் வெறுமனே மெதுவாக விடு என்றால் நோயாளிகளால் முடியாது, புஸ்ஸென்று போய்விடும். குரல் சேர்ந்தால் குரல்நாண்கள் வாசலைச் சுருக்கி, காற்றை எண்ணி எண்ணித்தான் வெளியே விடும். 'ம்ம்' என்றால் வாயும் மூடிவிடுகிறது, மூக்கு மட்டும்தான் வழி.

மூக்கில் இன்னொரு சங்கதி. நம் சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியாகிறது. 2002-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் வெயிட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் இருவரும் அளந்து பார்த்தார்கள். சும்மா மூச்சு விடுவதைவிட முரலும்போது மூக்கு வழியாக வருகிற நைட்ரிக் ஆக்சைடு 15 மடங்கு. முரல்கிற அதிர்வில் சைனஸ் அறைக் காற்று உள்ளும் புறமும் மாறிக்கொள்கிறது என்பதுதான் காரணம். இதை வைத்து அந்த நோய் தீரும் இந்த நோய் தீரும் என்று பார்வர்டு அனுப்பாதீர்கள். அவர்கள் அளந்தது வாயுவை, நோயை இல்லை.

தில்லிக்காரருக்கு முக்கியமான கணக்கு இது. நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு, ஒவ்வொன்றும் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட என்றால் மொத்தம் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒட்டித்தான் வரும். பஸ்திரிகா மாதிரிப் புகையை வாரி உள்ளே போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஜன்னலை மூடி, பியூரிஃபயர் இருந்தால் அதையும் போட்டு, அறைக்குள் முரலுங்கள். பிபி எல்லையில் இருக்கிறவர்கள், இதய நோய், க்ளாகோமா, குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்குவது மூன்றுக்கும் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். இன்ஹேலரைத் தூக்கிப் போடச் சொல்கிறவரை நீங்கள் தூக்கிப் போடலாம்.


நொய்டா நைட்ஷிப்ட் | நவம்பர் 9, அதிகாலை 3:12

அண்ணன்களே, அக்காக்களே, ஷிப்ட் நடுவில் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ரெண்டு சந்தேகம்.

ஒன்று, ராத்திரி எல்லாம் அமைதியானதும் வலது காதில் 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒரு மாதமாக. அகநாதம் (தியானத்தில் உள்ளே தானாகக் கேட்கும் ஒலி) கேட்க ஆரம்பித்துவிட்டது, பாக்கியசாலி என்றார் ரூம்மேட். இரண்டு, 432 ஹெர்ட்ஸ், 528 ஹெர்ட்ஸ் என்று ஹெட்போனில் கேட்கிற ஓம் ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் 199. பிரயோஜனம் உண்டா?


சந்தேகி | நவம்பர் 9, காலை 8:00

தம்பி, ஒரு காதில் மட்டும் ஒரு மாதமாக என்றால் இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார். நாள் முழுக்க ஹெட்போன் போடுகிற வேலை உனக்கு. நாதம் எங்கும் ஓடிவிடாது, செவிப்புலன் போனால் வராது.

432, 528 எல்லாம் வியாபாரம். உன் தொண்டையில் என்ன சுருதி சுகமாக நிற்கிறதோ அதுதான் உன் ஹெர்ட்ஸ். சுருதி வேண்டுமென்றால் தம்புரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது.

முக்கியமான வித்தியாசம், கேட்பது வேறு, தானே எழுப்புவது வேறு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவனத்தில் செய்து 2011-ல் வெளியான ஒரு சிறு ஆய்வு. 12 பேரை, மூளையின் செயல்பாட்டைப் படம் பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ எந்திரத்தில் படுக்க வைத்து ஓம் சொல்லச் சொன்னார்கள், ஒப்பீட்டுக்கு 'ஸ்ஸ்ஸ்' என்றும் சொல்லச் சொன்னார்கள். ஓம் சொன்னபோது பயம், பதற்றம் சம்பந்தப்பட்ட அமிக்டலா உள்ளிட்ட பகுதிகளின் செயல்பாடு தணிந்தது, 'ஸ்ஸ்ஸ்' சொன்னபோது அப்படி நடக்கவில்லை. பன்னிரண்டு பேர் என்பது ரொம்பக் குறைவு, அவர்களே முன்னோட்ட ஆய்வு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் வாயால் சொன்னவர்களைத்தான் பார்த்தார்கள். ஹெட்போன்காரர்களை இல்லை.


பழைய வாத்தியார் | நவம்பர் 9, காலை 10:40

அகநாதம் என்று வந்துவிட்டதால் திருமூலரைக் கூப்பிடாமல் முடியாது. தணிந்தெழு நாதங்கள் பத்து என்று பட்டியல் கொடுக்கிறார். மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். பணிந்தவர்க்கு அல்லாமல் மற்றவர்க்குக் கிட்டாது என்று முடிக்கிறார். நைட்ஷிப்ட் தம்பி, அதில் 'ஙொய்ங்' இல்லை. டாக்டரிடம் போ.

அவர்தான் காற்றைப் பிடிக்கும் கணக்கையும் சொன்னவர். உள்ளே இழுப்பது ஈரெட்டு, நிறுத்துவது அறுபத்து நாலு, விடுவது முப்பத்திரண்டு. இதைப் படித்துவிட்டு முதல் நாளே அறுபத்து நாலு எண்ணி முகம் சிவந்தவர்களை நான் அறிவேன். ஒன்றுக்கு நாலுக்கு இரண்டு என்பது விகிதம். அது போய்ச் சேர வேண்டிய ஊர், புறப்படுகிற ஸ்டேஷன் இல்லை. நடுவில் உள்ள அறுபத்து நாலை நம்மைப் போன்றவர்கள் தொடவே வேண்டாம். விடுவது இழுப்பதைப் போல இரண்டு பங்கு, அதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். பிசியோ தம்பி பிரேக் என்று சொன்னது அதைத்தான்.

இனி என் சொந்த ஆர்வம். தொல்காப்பியம் பிறப்பியலை எடுங்கள். எழுத்தெல்லாம் எங்கே பிறக்கிறது? 'உந்தி முதலா முந்துவளி தோன்றி' என்கிறார். கொப்பூழிலிருந்து காற்று கிளம்பி, தலை, கழுத்து, நெஞ்சு என்று நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று பட்டு எழுத்தாகிறது. எழுத்து என்றாலே நமக்கு மூச்சுதான். மெல்லெழுத்து ஆறுக்கும் தனிக்குறிப்பு, 'மூக்கின் வளியிசை'. ஙஞணநமன. அதில் உதட்டை மூடினால் பிறப்பது ம். பிராமரியின் இலக்கணம் நம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் முப்பது வருடம் அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்திவிட்டேன்.

மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை. ஓசை குறைந்தால் புலவர்கள் அதை நீட்டுவார்கள், ஒற்றளபெடை என்று பெயர். மயூர்விஹார் நண்பர் பால்கனியில் செய்தது எட்டு விநாடி ஒற்றளபெடை. அவர் அம்மா ஒரு ஒற்றை நீட்டவில்லை, ஒரு சந்தத்தையே ஒரு மூச்சில் ஏற்றினார்.


பத்மாசனம் | நவம்பர் 9, மதியம் 12:15

பிரதீபிகை அறையைப் பற்றிச் சொன்னதை நானும் எடுத்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். ஆனால் முரல்வதை மட்டும் பிராணாயாமம் என்று சொல்லிவிட முடியாது. பிரதீபிகை சொல்லும் எட்டுக் கும்பகத்தில் (மூச்சை நிறுத்தும் முறைகளில்) பிராமரி ஒன்று, அவ்வளவே. பதஞ்சலியும் மூச்சின் போக்கை நிறுத்துவதைத்தான் பிராணாயாமம் என்கிறார்.


பழைய வாத்தியார் | நவம்பர் 9, மதியம் 12:50

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதஞ்சலியே யோக சூத்திரத்தின் முதல் பாதத்தில் ஈசுவரனைச் சுட்டும் சொல் பிரணவம், அதை ஜபித்து அதன் பொருளை உள்ளத்தில் நிறுத்து என்கிறார். அந்தப் பாதையில் போகிறவரைத் தடுக்க வேண்டாமே. மாண்டூக்கிய உபநிடதம் பன்னிரண்டே மந்திரம். அ, உ, ம என்று மூன்று மாத்திரை சொல்லிவிட்டு, நான்காவதை மாத்திரையே இல்லாதது என்கிறது. ம் முடிந்தபிறகு மிஞ்சுகிற மௌனம். பூங்காவில் மூன்று ஓம் சொன்னதும் கைதட்டிச் சிரிக்கிறார்கள் பாருங்கள், அந்த நான்காவதைத்தான் தினமும் குப்பையில் போடுகிறார்கள்.


மயூர்விஹார்க்காரன் | நவம்பர் 16, இரவு 9:20

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் இருந்தேன்.

பூங்காவை விட்டுவிட்டேன். குழுத் தலைவருக்குக் கோபம். "மதராஸிக்குக் குளிர் தாங்கவில்லை" என்று இந்தியில் ஒரு கேலி. நான் இந்த ஊருக்கு வந்து 29 வருடம்.

அலுவலகத்திலிருந்து வந்து முகம் கழுவி ஏழு மணிக்கு அம்மா அறையில் உட்காருகிறேன். பால்கனிக் கதவை மூடி, கீழ் இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்துவிடுவேன். பதினைந்து நிமிடம். நாலு எண்ணி மூக்கால் இழுக்கிறேன், அடக்குவதில்லை, உடனே ம்ம். முதல் இரண்டு நாள் எட்டு விநாடியிலேயே தொண்டை நடுங்கி அறுந்தது. மூன்றாம் நாள் ஒன்று கவனித்தேன். பற்களைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறேன். உதடு மூடியிருந்து பற்கள் மட்டும் கொஞ்சம் விலகி, நாக்கு அடியில் தளர்ந்து கிடந்தால் சத்தம் தொண்டையை விட்டு மேலே ஏறுகிறது. மூக்குத்தண்டு அதிர்கிறது, மேலுதடு எறும்பு ஊருகிற மாதிரிக் கூசுகிறது. சத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் நீளம் கூடுகிறது. இவ்வளவு நாளாக நான் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

நேற்று காதுகளைக் கட்டைவிரலால் அடைத்துச் செய்தேன். உள்ளே கோவில் மணிக்குள் தலையை விட்டது போல ஒரே முழக்கம். நிறுத்தியபிறகும் தூரத்தில் ஒரு இரைச்சல். வாத்தியார் ஐயா, கடல் என்று திருமூலர் சொன்னது இதுதானா? ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே யாரோ காரை ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப் கேட்டபிறகுதான் எழுந்தேன்.


சந்தேகி | நவம்பர் 16, இரவு 10:05

சார், குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். காதை அடைத்தால் நம் குரல் எலும்பு வழியாக உள்காதுக்குப் போவது ஓங்கிக் கேட்கும், அதுதான் மணி. நிறுத்தியபிறகு கேட்கிற இரைச்சல் பெரும்பாலும் விரலிலும் கையிலும் உள்ள தசைகள் இறுகி அதிர்கிற சத்தம். முஷ்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதை அடைத்துப் பாருங்கள், கூடும். தளர்த்தினால் குறையும்.


பழைய வாத்தியார் | நவம்பர் 16, இரவு 10:40

செய்து பார்த்தேன். தம்பி சொல்வது சரி, முஷ்டியை இறுக்கினால் அலை பெரிதாகிறது. ஆனால் சந்தேகி, கையை முழுக்கத் தளர்த்தி அந்தக் கடலை நிறுத்த முயன்று பார். நான் இருபது நிமிடம் முயன்றேன். ஒவ்வொரு முறையும் ஒரு விரலோ, தோளோ, தாடையோ எனக்குத் தெரியாமல் இறுகிக் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். தசையின் சத்தமாகவே இருக்கட்டும். அதைக் கேட்டபடி தளர்வதற்குத் தியானம் என்று பெயர் வைத்தால் உனக்கு ஆட்சேபம் உண்டா?


சந்தேகி | நவம்பர் 16, இரவு 10:52

இல்லை ஐயா. இதற்கு இல்லை.


ஜனக்புரி ஜன்னல் | நவம்பர் 17, காலை 9:30

என் பங்குக்கு ஒன்று. மூக்கடைப்பு இருக்கிற நாளில் பிராமரியைக் கட்டாயப்படுத்தாதீர்கள், தலை வலிக்கும். வெந்நீர் ஆவி பிடித்துவிட்டு அப்புறம் செய்யுங்கள். மல்லாந்து படுத்துச் செய்வதைவிட நிமிர்ந்து உட்கார்ந்து செய்வது எனக்குச் சுகமாக இருக்கிறது. மயூர்விஹார் சார், பிபி என்ன ஆயிற்று என்று சொல்லவே இல்லையே?


நொய்டா நைட்ஷிப்ட் | நவம்பர் 21, அதிகாலை 2:48

டாக்டரைப் பார்த்துவிட்டேன். காதில் கல் மாதிரி அழுக்கு, எடுத்தபிறகு பாதி சத்தம் போய்விட்டது. மீதிக்கு ஆடியோகிராம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆப்பை கேன்சல் செய்துவிட்டேன். ரூம்மேட்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை.


மயூர்விஹார்க்காரன் | ஜனவரி 11, மாலை 6:15

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். ஜன்னல் அக்கா, பிபி டிசம்பரில் பார்த்தபோதும் எல்லையில்தான் இருந்தது. டாக்டர் மிகச் சின்ன அளவில் மாத்திரை ஆரம்பித்துவிட்டார், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். முரல்வதையும் விடவில்லை. தூக்கம் மட்டும் நிச்சயமாகத் தேவலை. இரண்டு மணிக்கு விழித்தால் முன்பெல்லாம் நாலு வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன், இப்போது பத்துப் பன்னிரண்டு ம்ம்-க்குள் போய்விடுகிறேன். மனைவிதான் பக்கத்தில் பிரிட்ஜ் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள்.

நீளம் இப்போது 15 விநாடி. அம்மாவின் 19-ஐத் தொட முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் முரலும்போது பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவள், "என்னத்துக்குடா இவ்வளவு கீழே போய் உறுமறே, கொஞ்சம் ஏத்திப் பாடு" என்றாள். நான் ஒரு கட்டைச் சுருதியில் நிற்கிறேன். அவள் 'முத்தைத்தரு' ஆரம்பித்தாள். தொங்கல் வந்ததும் என்னைப் பார்த்து, இங்கே எடுத்துக்கோ என்று கையால் காட்டினாள்.


செக்டார் 7 அக்கா | ஜனவரி 11, மாலை 7:00

அம்மாவுக்கு என்ன சுருதி? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


மயூர்விஹார்க்காரன் | ஜனவரி 11, மாலை 7:25

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்தரைக் கட்டையாம். இப்போது நாலு. ஆனால் தம்புரா ஆப்பை ஐந்தரையில் வைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு வரி பாடி, "சரி, குறைச்சுடு" என்கிறாள். தினமும் இதே.